கேட்ட விலைக்கு வாங்கிய மரமஞ்சள்

ஒரு வாரமாகியும் மொத்த விலைக் கடைத்தெருவில் அந்தப் பேச்சு அடங்கவில்லை. பாதிக்காரர், கேட்ட விலையைக் கொடுத்துவிட்டார்.

அவரைத் தெரியாதவர்கள் இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். பாதிக்காரர், உலர்ந்த வேர், பட்டை, இலை என்று மருந்துச் சரக்கு வாங்கி விற்கிறவர். எதற்கு எந்த விலை சொன்னாலும் அவர் வாயிலிருந்து வரும் முதல் சொல் ‘பாதி.’ அங்கிருந்துதான் பேச்சே ஆரம்பிக்கும். பல் பிடுங்கப் போன இடத்திலும் பாதி என்றார். அப்படியானால் பாதிப் பல்லை மட்டும் பிடுங்கட்டுமா என்று பல் டாக்டர் கேட்ட பிறகுதான் இறங்கி வந்தார்.

அப்பேர்ப்பட்டவர் போன வாரம், மரமஞ்சள் வேர் மூட்டைகளோடு வந்து நின்ற மலைக்காரர் சொன்ன விலையைக் கேட்டு, ‘சரி’ என்றார். அவ்வளவுதான். ‘சரி.’

மலைக்காரருக்கே முகம் வெளுத்துவிட்டது. கேட்டது முழுசாகக் கிடைத்தால் எந்த வியாபாரிக்கும் சந்தோஷம் வராது. குறைத்துக் கேட்டுவிட்டோமே என்ற வயிற்றெரிச்சல்தான் வரும். அன்றிரவு அவர் தூங்கியிருக்க மாட்டார். பாதிக்காரரின் குடும்பமும் தூங்கவில்லை, வேறு காரணத்துக்காக.

அவருக்குச் சர்க்கரை நோய் வந்து வெகுகாலம் ஆயிற்று. சர்க்கரை முற்றினால் மூளையையும் அரிக்கும், மறதியில் கொண்டுபோய் விடும் என்று எல்லோரும் கேள்விப்பட்டிருந்தார்கள். சில மாதங்களாக அவருக்கு முற்பகல் நேரங்களில் பேச்சு குழறுகிறது, எதிரே நிற்பவரை வெறித்துப் பார்க்கிறார். இந்த வாரம் அது இன்னும் மோசம். மதியம் சாப்பிட்டு எழுந்தால் பழைய மனிதராகி எல்லோரையும் விரட்டுவார். வயசுக் கோளாறு, மதியத்துக்கு மேல் தெளிகிறார் என்று வீட்டில் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார்கள்.

இன்று அதற்கெல்லாம் ஒரு முடிவு தெரிய வேண்டும். காலையில் டாக்டரிடம் நினைவுச் சோதனை. பிற்பகலில் இந்தப் பருவத்துச் சரக்கு முழுவதற்கும் விலை பேச மலைக்காரர் மறுபடி வருகிறார். வாங்கும் நாற்காலியில் யார் உட்காருவது என்பதுதான் கேள்வி. மகன் நேற்றே கேட்டுவிட்டான், கொஞ்சம் தொண்டையைச் செருமிக்கொண்டு.

“டாக்டர் சொல்லட்டும், எழுந்துக்கறேன்” என்றார் பாதிக்காரர். “நீ சொல்லி எழுந்துக்க மாட்டேன்.”

அந்த நாற்காலியில் உட்கார்ந்து பேரம் பேசுவதுதான் அவருக்கு மூச்சு. அதிலிருந்து எழுப்பிவிட்டால் மிச்சம் இருப்பது ஒரு சட்டையும் அதற்குள் ஒரு நோயாளியும்தான். இது மகனுக்கும் தெரியும். அதனால்தான் தொண்டையைச் செருமினான்.

காலையில் வீட்டம்மா ஒரு நல்ல சகுனத்தைக் கண்டுபிடித்தாள். கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பூந்தொட்டி. அதிலிருந்த செடி வருஷக்கணக்காகச் செத்தேன் பிழைத்தேன் என்று நின்றது. எத்தனை உரம் போட்டும் மசியவில்லை. இப்போது சில மாதங்களாகத் தானாகத் துளிர்த்து, இன்று மொட்டே விட்டிருக்கிறது. வீட்டுக்கு நல்ல காலம் பிறக்கப் போகிறது என்று அவள் மகளைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

மகள் தாவர வேதியியல் ஆய்வகத்தில் வேலை செய்பவள். கடைத்தெருவில் அவளுக்கு ‘எலி டாக்டர்’ என்று பெயர். அப்பாவோடு போவதற்காக இன்று விடுப்பு எடுத்திருந்தாள். மொட்டைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு அவள் நகர்ந்தபோது அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். பேச்சு எங்கே போகும் என்று மகளுக்குத் தெரியும். இது தினமும் நடக்கிற வழக்கு. மரமஞ்சளிலிருந்து நீங்கள் பிரித்து எடுக்கிறீர்களே அந்த மருந்து, அதில் கொஞ்சம் கொண்டுவந்து அப்பாவுக்குக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

மகள் அம்மாவுக்கு அப்பாவின் பாஷையிலேயே சொல்லிப் பார்த்தாள்.

“ரத்தத்துல சர்க்கரை நிறைய இருக்கும்மா. ஆனா மூளைக்குப் பிரயோஜனம் இல்ல. சரக்கு லாரி வாசல்ல நிக்குது, குடோன் பூட்டு திறக்க மாட்டேங்குது. எங்க மருந்து அந்தப் பூட்டுக்குக் கொஞ்சம் எண்ணெய் விடுது. எலிக்கு.”

“எலிக்கு மறதி போச்சுன்னு நீதானே சொன்னே?”

“போச்சு. எலி கடை வைக்கலையே. அது கூடவே வேற மாத்திரையும் சாப்பிடல.”

எலிக்கு நல்லதென்றால் மனிதனுக்கும் நல்லதாக இருக்கலாம். இல்லாமலும் போகலாம். மனிதர்களிடம் இனிமேல்தான் சோதித்துப் பார்க்கப் போகிறார்கள். அதுவரை ஒரு துளிகூட வெளியே வராது என்று மகள் முடித்தாள். பெற்ற தகப்பனைவிட எலி பெரிதாகப் போய்விட்டதா என்று முணுமுணுத்துக்கொண்டே அம்மா பையில் மாத்திரைகளை எடுத்து வைத்தாள்.

மகன் வண்டியை எடுத்தான். அவன் நகங்கள் மஞ்சளாக இருந்ததை மகள் பார்த்தாள். சரக்கைக் கையால் தொடாமல் போனிலேயே வியாபாரம் பார்க்கிற பிள்ளைக்கு நகத்தில் மஞ்சள் எப்படி ஏறும் என்று ஒரு கணம் யோசித்தாள். ஹாரன் சத்தத்தில் அந்த யோசனை நழுவிவிட்டது.

வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டும் என்பதால் பாதிக்காரர் காலையில் எதுவும் சாப்பிடவில்லை, மாத்திரையும் போடவில்லை. பசியில் இருப்பவர் மறதியில் தடுமாறுவார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவரோ ரத்தம் எடுக்கும் பெண்ணிடம் தகராறில் இறங்கினார். இரண்டு குப்பி எதற்கு, ஒன்று போதாதா என்று கேட்டார். வேறு வேறு சோதனை ஐயா என்றாள் அவள். ஒரே உடம்பு, ஒரே ரத்தம், ஒரு குப்பியைப் பிரித்துக்கொள் என்றார் அவர். கடைசியில் இரண்டாவது குப்பியில் பாதி என்று படிந்தது. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே போனாள். அவளுக்கும் அவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கும்.

பிறகு வெளிக்கூடத்தில் காத்திருந்தார்கள். டாக்டர் வர நேரமாகும் என்றார்கள். மகள் எவ்வளவு நேரம் என்று விசாரிக்கப் போனாள். அந்த இடைவெளியில் அம்மா இரண்டு மாத்திரையை எடுத்து நீட்டினாள். மகன் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்துக் கொடுத்தான். பாதிக்காரர் எல்லாவற்றையும் ஒரே மடக்கில் விழுங்கி, மேலே இரண்டு பிஸ்கட் சாப்பிட்டார். மகள் திரும்பி வந்தபோது மூன்று பேரும் சாதுவாக உட்கார்ந்திருந்தார்கள். அவ்வளவு சாதுவாக உட்காரும் குடும்பம் இல்லை அது.

அழைப்பு வந்தபோது முற்பகல் நன்றாக ஏறிவிட்டது.

டாக்டரம்மா இளவயசு. இந்தக் கிளினிக்கை வெகுகாலம் நடத்திய கிழ டாக்டர் ஓய்வெடுத்துக்கொண்டதும் அந்த இடத்துக்கு வந்தவள். சாவி, விளக்கு, ஆறு என்று மூன்று சொற்களைச் சொல்லி, நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு கேட்கிறேன் என்றாள். அடுத்தது கணக்கு.

“நூறுலேர்ந்து ஏழைக் கழிங்க ஐயா.”

“சரி” என்றார் பாதிக்காரர்.

“எவ்வளவு வருது?”

“நீங்க சொன்னா சரிதான்.”

இப்போது மழைக்காலமா வெயில்காலமா என்று டாக்டரம்மா கேட்டாள். அதற்கும் சரி என்றார். இவர் யார் என்று மகனைக் காட்டினாள். பாதிக்காரர் மகனை வெகுநேரம் பார்த்துவிட்டு, நல்ல பையன் என்றார்.

மகன் தலையைக் குனிந்துகொண்டான். நாற்காலி வேண்டும் என்று அவன் ஆசைப்பட்டது உண்மை. இந்த விலைக்கு வேண்டும் என்று ஆசைப்படவில்லை.

மகளுக்கு ஒன்று இடித்தது. காலையில் குப்பிக்குப் பேரம் பேசிய மனிதரும் இவரும் ஒருவர்தான். மூளை தேய்வதாக இருந்தால் வருஷக்கணக்கில் தேயும். காலைக்கும் முற்பகலுக்கும் நடுவில் தேயாது. அவள் அப்பாவின் கையைத் தொட்டாள். ஜில்லென்று வியர்த்திருந்தது. கழுத்திலும் வியர்வை. அந்த அறை குளிரூட்டிய அறை.

“டாக்டர், விரல்ல ஒரு சொட்டு எடுத்துப் பாருங்க. இப்பவே.”

டாக்டரம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். விரலில் குத்தி, சின்னக் கருவியில் சொட்டை வைத்தாள். எண்ணைப் பார்த்ததும் நாற்காலியைவிட்டு எழுந்தேவிட்டாள். ரத்தத்தில் சர்க்கரை கூடிப் போயிருக்கும் என்றுதானே எல்லோரும் பயந்தார்கள். அது கீழே, அபாயமான அளவுக்குக் கீழே கிடந்தது.

ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீர் வந்தது. சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரையா என்று அம்மா தடுக்க வந்தாள். மகள் கையாலேயே அமர்த்தினாள். பாதிக்காரர் முழு டம்ளரையும் குடித்தார். எதையும் முழுசாக வாங்கியறியாத மனிதர்.

டாக்டரம்மா கொஞ்ச நேரம் அவர் நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கடை ஷட்டரைத் தூக்கியது மாதிரி அவர் கண்ணில் வெளிச்சம் வந்தது. சுற்றிலும் பார்த்தார். எதிரே டாக்டர் உட்கார்ந்திருப்பதைக் கவனித்தார். ஏதோ கேட்டார்களே என்று யோசித்தார்.

“என்ன சொன்னீங்க டாக்டரம்மா, ஏழா கழிக்கணும்?”

“ஆமா ஐயா.”

“எதுக்கு ஏழு? மூணரை கழிச்சுக்கறேன்.”

அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது அழுகையிலா சிரிப்பிலா என்று அவளுக்கே தெரியாது.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. எழுதியிருப்பது ஒரு வேளைக்கு இரண்டு மாத்திரை. இந்த உடம்புக்கு அது அதிகம், பழைய டாக்டர் ஏன் இப்படி எழுதினார் என்று தனக்கும் புரியாமல்தான் இன்றைக்கு ரத்தப் பரிசோதனை கேட்டதாகச் சொன்னாள். அம்மா மெதுவாகத் திரும்பினாள்.

“நான்தான் அவர்கிட்டச் சொன்னேன். இவர் எதையும் பாதியாக்கித்தான் எடுத்துக்குவார். அதனால ரெட்டிப்பா எழுதுங்க, கணக்கு சரியா வரும்னு.”

எல்லோரும் பாதிக்காரரைப் பார்த்தார்கள். அவர் கொஞ்சம் கூச்சத்தோடு ஒப்புக்கொண்டார். டாக்டர் என்றால் எப்போதும் கூட்டித்தானே சொல்வார். இரண்டு என்றால் ஒன்று, அதுதான் நியாயமான அளவு. அம்மா பார்க்காதபோது கை கழுவப் போகிற சாக்கில் ஒன்றைப் பூந்தொட்டியில் போட்டுவிடுவாராம்.

“இப்பவும் போடறீங்களா அப்பா?” என்று மகள் கேட்டாள்.

அவர் யோசித்தார். நன்றாக யோசித்தார்.

“போடறதை... மறந்துட்டேன் போல இருக்கு.”

ஆக, செடி மொட்டு விட்டதன் மர்மம் அங்கே விளங்கியது. வருஷக்கணக்கில் தினமும் மருந்து சாப்பிட்டுக் காய்ந்த செடி அது. சில மாதங்களாக அதன் பங்கும் இவர் வயிற்றுக்குள் போயிருக்கிறது.

வேறு ஏதாவது தருகிறீர்களா என்று டாக்டரம்மா கேட்டாள். மகள் தம்பியின் நகங்களைப் பார்த்தாள். இந்தத் தடவை யோசனை நழுவவில்லை.

“எத்தனை நாளாடா?”

“போன வாரத்துலேர்ந்துதான்க்கா. கேட்ட விலைக்கு வாங்கின சரக்கு, சும்மா கிடக்க வேண்டாமேன்னு பொடி பண்ணிக் கேப்சூல்ல அடைச்சு அப்பாவுக்குக் கொடுத்தேன். நீதானே சாப்பாட்டு மேஜையில சொன்னே, மரமஞ்சள் மறதியைத் திருப்புதுன்னு.”

“எலின்னு சொன்னேன்.”

“எலின்னும் சொன்னே.”

எலியை விட்டுவிட்டு மீதியை வாங்கிக்கொண்டிருக்கிறான். குடும்ப வழக்கப்படி, சொன்னதில் பாதி. வேறு நாளாக இருந்தால் மகள் அவனைக் கடித்துக் குதறியிருப்பாள். ஆனால் அன்று மேஜையில் ‘திருப்புது’ என்ற சொல்லைக் கொஞ்சம் பெருமையோடு அழுத்திச் சொன்னது அவளுக்கும் நினைவிருந்தது. அந்த மஞ்சள் பொருள் சர்க்கரையையும் இறக்கும், அப்பாவின் மாத்திரையும் சர்க்கரையை இறக்கும், இரண்டும் சேர்ந்து அவரை ஒரே படிக்கட்டில் கீழே தள்ளிவிட்டிருக்கின்றன என்று மட்டும் சொன்னாள். தம்பி முகம் அவன் நகத்தைவிட மஞ்சளாகிவிட்டது.

டாக்டரம்மா மருந்தைக் குறைத்து எழுதினாள். பொடியை உடனே நிறுத்தச் சொன்னாள். இனி எழுதியது எழுதியபடி, யாரும் கூட்டவும் வேண்டாம் கழிக்கவும் வேண்டாம் என்றாள். பாதிக்காரர் முகத்தைச் சுளித்தார். விலை பேச முடியாத கடைக்குள் வந்து மாட்டிக்கொண்ட முகம்.

“அப்ப எனக்கு மறதி இல்ல?”

டாக்டரம்மா, ஆரம்பத்தில் தான் சொன்ன மூன்று சொற்களையும் இப்போது மறுபடி சொல்லி வைத்தாள். வேறு பேச்சுக்குப் போய், கொஞ்சம் கழித்துத் திரும்பி வந்து கேட்டாள்.

“சாவி” என்றார் பாதிக்காரர். அப்புறம், “வெளிச்சம் தர்ற சமாச்சாரம் ஒண்ணு.” அப்புறம் ஒன்றுமில்லை.

மூன்றுக்கு ஒன்றரை. அவருக்குப் பழக்கமான கணக்குதான். ஆனால் இதை அவர் பேரம் பேசி வாங்கவில்லை.

மறதி இருக்கிறது, ஆரம்பத்தில் இருக்கிறது என்றாள் டாக்டரம்மா. சர்க்கரை இறங்கி இறங்கி, கொசுவை யானையாகக் காட்டியிருக்கிறது. யானை போய்விடும், கொசு இருக்கும். அதைப் பெருக விடாமல் பார்த்துக்கொள்ள நிறைய வழி உண்டு. நாற்காலியைப் பற்றி மகன் கேட்கவில்லை. பாதிக்காரரே கேட்டார். சாப்பிட்டுவிட்டு உட்காருங்கள், பக்கத்தில் ஒரு ஆள் இருக்கட்டும் என்று பதில் வந்தது.

கிளம்பும்போதுதான் டாக்டரம்மா மகளைப் பார்த்து அதைச் சொன்னாள். உங்கள் ஆய்வகத்து மருந்தை மனிதர்களிடம் சோதிக்கப் போகிறார்களே, சர்க்கரையும் ஆரம்ப மறதியும் சேர்ந்து உள்ளவர்களைத்தான் தேடுகிறார்கள். சர்க்கரை ஒரு நிலைக்கு வந்த பிறகு அப்பாவைச் சேர்க்கலாமா என்று பார்க்கலாம். அங்கே பொடி கிடையாது, சுத்தம் செய்த மருந்து, ஒவ்வொரு நாளும் ரத்தத்தைப் பார்த்துப் பார்த்துக் கொடுப்பார்கள்.

பாதிக்காரருக்கு ஆர்வம் வந்துவிட்டது. என்ன ஏற்பாடு என்று விசாரித்தார். சேருகிறவர்களில் பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மருந்து மாதிரியே இருக்கும் வெறும் மாவு, யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது என்று மகள் விளக்கினாள்.

“பாதிக்குப் பாதி?”

“ஆமாம்பா.”

“வாழ்நாள்ல முதல் தடவையா நியாயமா விலை சொல்ற ஆளைப் பாக்கறேன்” என்றார் அவர். வண்டியில் ஏறும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

பிற்பகலில் மலைக்காரர் வந்தார். போன வாரத்துக் காயத்துக்கு மருந்தாக இந்த முறை விலையைத் தாராளமாக ஏற்றிவைத்திருந்தார். பாதிக்காரர் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மகன் ஒரு ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டான். கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்கள்கூட வேலையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

மலைக்காரர் விலையைச் சொன்னார்.

பாதிக்காரர் ஒரு வேரை எடுத்து உடைத்தார். உள்ளே மஞ்சளைப் பார்த்தார். நாக்கில் வைத்துக் கசப்பைப் பார்த்தார். உடனே துப்பிவிட்டார், டாக்டரம்மா சொன்னது நினைவிருந்தது.

“பாதி” என்றார்.

மலைக்காரர் பெருமூச்சு விட்டார். நிம்மதிப் பெருமூச்சு. உலகம் தன் இடத்துக்குத் திரும்பிவிட்டது. அப்புறம் இருவரும் வழக்கம்போல ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டு, எழுந்து போவதாக மிரட்டிக்கொண்டு, போகாமல் உட்கார்ந்து, இரண்டு பேருக்கும் நஷ்டம் என்று சத்தியம் செய்து, ஒரு விலைக்கு வந்து சேர்ந்தார்கள். போன வாரத்து மூட்டைகளுக்கும் சேர்த்துப் பாதிக்காரர் தள்ளுபடி வாங்கிவிட்டார். அது எப்படி என்று மகனுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

மலைக்காரர் தெருக்கோடியில் மறைந்ததும் பாதிக்காரர் மகன் பக்கம் சாய்ந்தார். குரலைத் தாழ்த்தினார்.

“நல்ல கெட்டிக்கார ஆளு. யாருடா இவரு, புதுசா?”

மகன் பிறப்பதற்கு முன்னாலிருந்தே அந்த மனிதர் இந்தக் கடைக்குச் சரக்குக் கொண்டுவருகிறார்.

“பழைய ஆள்தான்பா. நான் ஞாபகம் வச்சுக்கறேன். விலையை நீங்க பாத்துக்குங்க.”

“அதுவும் சரிதான்” என்றார் பாதிக்காரர். இந்தச் ‘சரி’ வேறு சரி. மகனுக்கு வித்தியாசம் தெரிந்தது.

அவன் போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டான். ஒலியைக் கூட்டி, அப்பாவுக்கும் கேட்கிற மாதிரி மேஜைமேல் வைத்தான். அந்தப் பாதிக்குப் பாதி ஆராய்ச்சியில் அப்பாவைச் சேர்த்துவிடலாம் என்றான். அக்காவின் குரல் தணிந்து வந்தது.

“நானும் அதைத்தான் விசாரிச்சுட்டு இருந்தேன். சேர்க்கலாம். ஆனா ஒரு விதி இருக்கு. வேலை செய்யறவங்களோட சொந்தக்காரங்க சேர்ந்தா, வேலை செய்யறவங்க ஆராய்ச்சியை விட்டு வெளியே வந்துடணும்.”

அந்த ஆய்வகத்தில் அந்த மஞ்சள் பொருளை வேரிலிருந்து முதன்முதலில் சுத்தமாகப் பிரித்துக் காட்டியவளே அவள்தான். தம்பி போனை அப்பா பக்கம் நகர்த்தினான்.

பாதிக்காரர் போனை நோக்கிக் குனிந்தார்.

“முழுசா வெளியே வரணும்னா கேக்கறாங்க? பேசாம இரு, நாளைக்கு நானும் உன்கூட உங்க ஆய்வகத்துக்கு வரேன். பாதியில ஆரம்பிப்போம்.”